பின் ஷொக்குக்குக் கார்ட் போடுவது: தோட்டப் பாதையில் ஓடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாதைகளில் பதினைந்து வருடத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறேன். முதலில் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய லேண்ட் ரோவர், இப்போது சுசுகி ஜிம்னி ஜீப். இந்தக் காலத்தில் எஞ்சினுக்குச் செலவழித்ததை விடப் பின் ஷொக் அப்சோபருக்குச் செலவழித்ததுதான் எனக்கு அதிக வேதனை, ஏனென்றால் அதில் பாதிக்கு மேல் தவிர்த்திருக்கலாம். பழக்கமானவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் செய்து பார்த்து, கெடுத்து, திருத்திக் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஷொக் கார்ட் என்கிறார்களே, அது சரியாக எது?

இந்தப் பேரில் இரண்டு வேறு வேறு சாமான்களைச் சொல்கிறார்கள். குழப்பம் முழுக்க அங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, ஷொக்கின் கீழ் முனையில் உள்ள வளையம், அதாவது கீழ்க்கண், இரண்டு பின் சில்லுகளுக்கும் நடுவில் ஓடும் எக்ஸலில் மாட்டியிருக்கும் இடத்துக்கு அடியில் வரும் தடித்த இரும்புத் தகடு. கல்லின் மேல் வண்டி இறங்கினால் அந்தத் தகடு வழுக்கிக்கொண்டு போகும், ஷொக்கைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டும் போல்ட்டும் தப்பும். இதை நான் அடித்தகடு என்று சொல்கிறேன். இரண்டாவது, முன் சில்லு வாரி எறியும் கல் ஷொக்கின் உடம்பிலோ உள்ளே போய் வரும் பளபளப்பான தண்டிலோ படாமல் மறைக்கிற தட்டி. இது மெல்லிய தகடாகவோ பிளாஸ்டிக்காகவோ ரப்பராகவோ இருக்கலாம்.

அடித்தகடு கீழிருந்து வரும் இடியைத் தாங்குகிறது, தட்டி முன்னாலிருந்து பறந்து வரும் கல்லைத் தடுக்கிறது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. உங்களுக்கு எது வேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போனால், கடையில் இருப்பதைத்தான் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

முன் ஷொக்கை விட்டுவிட்டு ஏன் பின் ஷொக்கைப் பற்றியே பேசுகிறீர்கள்?

முன் சில்லைக் கல்லுக்கு விலக்கி ஓட்டுவது நம் கண்ணில் இருக்கிறது. பின் சில்லு அதே கோட்டில் வராது, வளைவில் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும். கொண்டை ஊசி வளைவுகளில், உள்பக்கக் கான் (வடிகால்) ஓரமாகக் கிடக்கிற கல்லை முன் சில்லு தாண்டிப் போய்விடும், பின் எக்ஸல் நேராக அதன் மேல் ஏறும். அதோடு முன் சில்லுகள் எறிகிற கல்லும் சேறும் போய் விழுகிற இடமும் பின் எக்ஸல்தான்.

இன்னொன்று, பல ஜீப்புகளில் பின் ஷொக்கின் கீழ்ப் பிராக்கெட் எக்ஸல் குழாயை விடக் கீழே தொங்குகிறது. ஜிம்னிக்கு அடியில் படுத்துப் பாருங்கள், டிஃபரன்ஷல் கூடை, அதாவது சில்லுகளைச் சுற்றவைக்கும் பற்சக்கரங்கள் உள்ள கூடு, உருண்டையாக இருக்கும், அதைக் கவனித்து ஓட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் சில்லுக்குக் கொஞ்சம் உள்ளே அந்தப் பிராக்கெட்டுகள் பல் மாதிரி நீட்டிக்கொண்டு இருக்கும். சில்லு கல்லைத் தாண்டி இறங்கும்போது முதலில் மாட்டுவது அவைதான்.

என் வண்டிக்கு இது தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கழுவிப் பாருங்கள். கடனுக்குக் கழுவாமல் பின் எக்ஸலைச் சுற்றி அடியில் படுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகு லைட் அடித்துப் பாருங்கள். பிராக்கெட்டின் கீழ் விளிம்பில் பெயின்ட் உரிந்து, இரும்பு மழுங்கி, ஒரு பக்கம் மடிந்திருந்தால் உங்களுக்கு அடித்தகடு வேண்டும். ஷொக் உடம்பின் முன்பக்கத்தில் மட்டும் பெயின்ட் பொட்டுப் பொட்டாகப் போயிருந்தால் அது கல்லெறி, தட்டி போதும். இரண்டும் இல்லை என்றால் பணத்தை மிச்சம் பிடித்து நல்ல டயர் போடுங்கள், உண்மையாகவே சொல்கிறேன்.

எங்கே ஓடுகிறீர்கள் என்பதும் முக்கியம். லயத்து வீடுகளிலிருந்து ஸ்டோருக்கும் (தேயிலை ஃபேக்டரிக்கும்), ஸ்டோரிலிருந்து மெயின் ரோட்டுக்கும் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஊர்ந்து போகிறவருக்குக் கல்லெறி பெரிய விஷயமில்லை, அந்த வேகத்தில் சில்லு கல்லை அவ்வளவு பலமாக எறியாது, அவருக்கு ஆபத்து கீழிருந்துதான். கிரவல் கொட்டிய பாதையில் நாற்பது ஐம்பதில் ஓடுகிறவருக்கு நேர்மாறு. ஒஹியவிலிருந்து உடவேரிய தோட்டம் வழியாகக் களுபஹனவுக்கு இறங்குகிற பாதை, அதுதான் வெளியூர்க்காரர்கள் டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ் என்று தேடி வருவது, அப்புறம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே பக்கம் கிளைத்துப் போகிற கரடுமுரடான தடங்கள், இந்த மாதிரி இடங்களுக்கு அடிக்கடி போகிறவர் அடித்தகட்டைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மண்சரிந்த இடங்களில் வந்து விழுந்த கல்லுக்கு இன்னும் கூர் மழுங்கவில்லை. பழைய பாதைக் கல் வருடக்கணக்கில் டயர் பட்டு உருண்டது, புதுக்கல் கத்தி மாதிரி.

ஒரு ஷொக் போனால் போகட்டும், புதிதாக மாற்றினால் போச்சு. ஏன் இவ்வளவு பாடு?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும் வரை நாம் எல்லாரும் இருந்த வண்டியைத்தான் கட்டி இழுத்தோம். அந்த ஐந்து வருடத்தில் ஒரு நல்ல ஷொக் ஜோடி தேடிக் கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு எத்தனை தடவை போய் வந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். அங்கே கிடைக்கும், ஆனால் பாவித்தது எது, புதிது எது, பெட்டி மட்டும் புதிது எது என்று பார்க்கத் தெரிய வேண்டும்.

காசை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஷொக் பழுதான பின்பக்கச் சில்லு பள்ளத்தில் துள்ளும், துள்ளுகிற நேரத்துக்கு அந்த டயர் ரோட்டைப் பிடிக்காது. மழை நாளில், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஐந்நூறு அடிப் பள்ளம் இருக்கிற பாதையில், பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இறங்கும்போது அது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

ரெடிமேட் வாங்குவதா, இங்கேயே அடிப்பதா?

உங்கள் மொடலுக்கு என்றே செய்த அடித்தகடு கிடைத்தால் வாங்குங்கள். ஜிம்னிக்கு வெளிநாட்டில் நிறையப் பேர் செய்து விற்கிறார்கள். வாங்கும் முன் மொடல் குறியீட்டைப் பாருங்கள், பழைய ஜிம்னியான ஜேபி43க்குச் செய்ததை 2018இல் வந்த ஜேபி74க்கு அப்படியே போடலாம் என்று நினைத்துக்கொண்டு வாங்க வேண்டாம்.

கிடைக்காவிட்டால் நம்மூர் வெல்டிங் கடையில் அடிக்கலாம். தோட்டத்து ஃபேக்டரிகளில் வேலை பழகிய கைகள் இந்த மலையில் நிறைய இருக்கின்றன, தகடு மடிப்பது அவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது அட்டையில் அச்சு வெட்டிக்கொண்டு போவது. பிஸ்கட் பெட்டி அட்டை போதும். வண்டிக்கு அடியில் வைத்து வைத்து வெட்டி, மடித்து, போல்ட் ஓட்டையைக் குறித்துக் கொடுங்கள். "அண்ணே, இந்த மாதிரி ஒன்று" என்று வாயால் சொன்னால் அவர் மனதில் இருக்கிற மாதிரிதான் வரும்.

என்ன தகடு, எவ்வளவு தடிப்பு?

அடித்தகட்டுக்குச் சாதாரண மைல்ட் ஸ்டீல், 4 முதல் 6 மில்லிமீட்டர். ஜிம்னி மாதிரி இலேசான வண்டிக்கு 4 போதும், பிராடோ, பஜெரோ அளவு பாரத்துக்கு 5 அல்லது 6. அதற்கு மேல் போட்டால் எக்ஸலில் தேவையில்லாத பாரம். ஸ்பிரிங்கின் மேல் உட்காராத பாரம், சில்லோடு சேர்ந்து துள்ளுகிற பாரம் அது.

அலுமினியம் இலேசு என்று சிலர் கேட்கிறார்கள். இங்குள்ள கருங்கல்லில் அலுமினியம் வழுக்காது, கல் அதைக் கொத்திப் பிடித்துக்கொள்ளும், இரும்பு வழுக்கும். அதோடு அலுமினியமும் இரும்பும் ஒட்டி ஈரத்திலேயே இருந்தால் அரிப்பு சீக்கிரம் வரும், நுவரெலியாப் பக்கத்து ஈரத்தைச் சொல்லவே வேண்டாம்.

உடைந்த ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிக்கலாம் என்ற யோசனை எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். அது கார்பன் கூடின இரும்பு, துளைக்க டிரில் பிட் தேயும், சாதாரணமாக வெல்டிங் வைத்தால் வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும். நாலு நாள் நன்றாக இருக்கும், ஐந்தாம் நாள் கல்லில் பட்டதும் துண்டாகத் தொங்கும்.

தட்டிக்கு இவ்வளவு தேவையில்லை. 2 மில்லிமீட்டர் தகடு, அல்லது லொறி மட் ஃபிளாப் ரப்பர், அல்லது தண்ணீர் வைக்கிற நீல பீப்பாவை வெட்டிய துண்டு. நீல பீப்பா எனக்கு மிகப் பிடித்தது. சேறு அதில் அவ்வளவாக ஒட்டாது, கல் பட்டால் நெளிந்து திரும்பி வரும், துரு என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு நிபந்தனை, சைலன்ஸர் குழாய்ப் பக்கம் வைக்கக் கூடாது, சூட்டில் இளகிவிடும்.

அடித்தகட்டை மாட்டுவது எப்படி? ஒழுங்காகச் சொல்லுங்கள்.

சரி. நான் ஜிம்னியில் செய்ததைச் சொல்கிறேன், விறைப்பான எக்ஸலும் கொயில் ஸ்பிரிங்கும் உள்ள மற்ற வண்டிகளுக்கும் கிட்டத்தட்ட இதே முறைதான்.

முதலில் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று பாருங்கள். இந்த மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம், அதனால் நிறையப் பேர் சரிவிலேயே ஜக் அடிக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சில்லுகளை மட்டும்தான் பிடிக்கிறது, பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிரேக் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய லேண்ட் ரோவர்களில் இன்னும் மோசம், அவற்றின் ஹேண்ட் பிரேக் சில்லில் இல்லை, டிரான்ஸ்ஃபர் பொக்ஸுக்கு (முன், பின் எக்ஸல்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டிக்கு) பின்னால் சாஃப்ட்டைப் பிடிக்கிறது, ஒரு பின் சில்லைத் தூக்கினால் டிஃபரன்ஷல் வழியாக அது சுற்றும், வண்டி உருளும். ஆகவே கோயில் வளவோ ஸ்டோர் முற்றமோ, சமதரை தேடிப் போங்கள், முன் சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள், சாஸிக்கு ஸ்டாண்ட் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம், யார் சொன்னாலும்.

போல்ட்டில் முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து ஊற விடுங்கள். மறுநாள் கீழ்ப் போல்ட்டைக் கழற்றும் முன் எக்ஸலுக்கு அடியில் இன்னொரு ஜக்கை இலேசாகத் தாங்கக் கொடுங்கள், இல்லாவிட்டால் போல்ட் வெளியே வந்ததும் எக்ஸல் கீழே விழுந்து பிரேக் ஹோஸை இழுக்கும்.

இப்போது தகடு. அதன் இரண்டு காதுகளும் பிராக்கெட்டின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும். பிராக்கெட்டுக்கும் ஷொக் கண்ணுக்கும் நடுவில் திணிக்கக் கூடாது, அங்கே இடமும் இல்லை, திணித்தால் கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ் கோணலாகும். காது 4 மில்லிமீட்டர் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 8 மில்லிமீட்டர் நீளமான போல்ட் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டு நட்டில் இரண்டு மரை மட்டும் பிடித்திருக்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், பயமாக இருந்தது. தலையில் 8.8 அல்லது 10.9 என்று பலத்தைக் காட்டும் இலக்கம் அடித்த போல்ட் வாங்குங்கள். பழையதில் என்ன இலக்கம் இருக்கிறதோ அதற்குக் குறையாமல் வாங்குங்கள், நட் நைலொக் நட்டாக (உள்ளே நைலோன் வளையம் இருப்பதால் எளிதில் கழலாதது) இருக்கட்டும், இறுக்கிய பிறகு இரண்டு மூன்று மரை வெளியே தெரியட்டும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. தகடு அந்த ஒரு போல்ட்டில் மட்டும் தொங்கக் கூடாது. கல் பட்டால் அது போல்ட்டைச் சுற்றித் திரும்பி, ஷொக்கின் உடம்பிலேயே போய்க் குத்தும். இரண்டாவது பிடி வேண்டும், எக்ஸல் குழாயைச் சுற்றி ஒரு யூ போல்ட் போட்டுத் தகட்டின் முன் நாக்கை அதில் பிடியுங்கள். பிரேக் குழாய் எக்ஸலின் மேல் ஓடும், யூ போல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் விரல் போகிற இடமாவது இருக்கட்டும். தகட்டின் உள்தரை பிராக்கெட்டின் கீழ் விளிம்பில் நன்றாக உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் இடி பிராக்கெட் வழியாக எக்ஸலுக்குப் போகும், இடைவெளி விட்டால் இடி முழுக்கப் போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் போகும். அப்படியானால் கார்ட் போட்டதற்கு அர்த்தமே இல்லை.

முன்பக்கம் சரிவாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பின்பக்கமும் சரிவாக இருக்கட்டும் என்று நான் சொல்கிறேன். தோட்டப் பாதையில் எதிரே கொழுந்து லொறி வந்தால் யார் ரிவர்ஸ் எடுப்பது? நாம்தான். பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய தகடு ரிவர்ஸில் கல்லில் கொக்கி மாதிரி மாட்டும்.

கடைசியாக, ஷொக் போல்ட்டை இறுதியாக இறுக்குவது சில்லுகள் தரையில், வண்டி தன் பாரத்தில் நிற்கும்போதுதான். எக்ஸல் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் வண்டியின் மெனுவலில் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் திரும்ப ஒரு தடவை ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.

மாட்டிய பிறகு எங்காவது உரசுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சமதரையில் நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பின் சில்லு ஒன்றைப் பாதை ஓரத் திட்டில் ஏற்றி, மற்ற சில்லு தொங்கும்படி நிறுத்தி, ஒருவர் பிரேக்கில் காலை வைத்திருக்க இன்னொருவர் வெளியில் நின்று லைட் அடித்துப் பார்க்கட்டும். பிறகு மற்றப் பக்கம். டயரின் உள்சுவர், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பிரிங், இவை எதற்கும் ஒரு விரல் தடிப்புக்குக் குறையாமல் இடைவெளி இருக்க வேண்டும். தட்டி போட்டவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தட்டி ஷொக்கோடு சேர்ந்து ஆடும்.

ரப்பர் உறை, ஜீன்ஸ் துணி, சைக்கிள் டியூப் சுற்றினால் போதாதா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் நான் ஒரு நல்ல ஜோடியை இழந்தேன்.

லேண்ட் ரோவர் வைத்திருந்த காலத்தில் ஒரு கராஜில் ஷொக் மாற்றினேன். அங்கிருந்தவர் அன்பாகத்தான் சொன்னார், "கல்லடிக்கு டியூப் சுற்றித் தருகிறேன்" என்று. பழைய டியூபைத் தண்டின் மேல் இழுத்துப் போட்டு, மேலும் கீழும் கம்பியால் இறுக்கிக் கட்டினார். பார்க்க நன்றாக இருந்தது. மே மாதம் தென்மேற்கு மழை தொடங்கியது. அந்த மழை முழுக்க ஓடினேன். செப்டம்பரில் பின்பக்கம் படகு மாதிரி ஆட ஆரம்பித்ததும் டியூபை வெட்டிப் பார்த்தேன். உள்ளே செம்மண் சேறு களிமண் மாதிரி அடைந்து, நாலு மாதம் காயாமலே இருந்திருக்கிறது. தண்டில் துருப் பொட்டுகள். அந்தப் பொட்டுகள் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஒயில் சீலை அரம் மாதிரி அராவி, சீல் போய், ஒயில் முழுக்கச் சேற்றில். இரண்டு ஷொக்கும் ஒரே மாதிரி.

தண்டின் மேல் இருப்பது கெட்டிக் குரோம் பூச்சு. காற்றோட்டத்தில் மழை பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, ஈரச் சேறு மாதக்கணக்கில் ஒட்டியிருந்தால் அது தாங்காது. கல் ஒரு தடவை ஒரு இடத்தில்தான் அடிக்கும், உள்ளே அடைந்த சேறு ஒவ்வொரு அசைவிலும் அராவிக்கொண்டே இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: நம்முடைய மலையில் கார்ட் என்றால் திறந்த கார்டாக இருக்க வேண்டும். முன்பக்கம் மறைக்கட்டும், பின்பக்கம் திறந்திருக்கட்டும், கீழே தண்ணீர் வழிய ஓட்டை இருக்கட்டும், ஹோஸ் பைப்பால் அடித்தால் சேறு முழுக்க வெளியே ஓட வேண்டும். கம்பனியிலிருந்தே மடிப்பு ரப்பர் உறையோடு வருகிற ஷொக் வேறு விஷயம், அது அந்தத் தண்டின் அளவுக்குச் செய்தது, கிழியாத வரைக்கும் விடுங்கள், கிழிந்தால் உடனே மாற்றுங்கள் அல்லது முழுக்கக் கழற்றுங்கள். கிழிந்த உறை டியூப் சுற்றியதற்குச் சமம்.

சூடும் ஒரு காரணம். ஷொக் செய்கிற வேலையே அசைவைச் சூடாக்கி வெளியே விடுவது. உடம்பைத் துணியால் சுற்றினால் அந்தச் சூடு எங்கே போகும்?

தகட்டை எக்ஸலிலேயே வெல்டிங் வைத்துவிட்டால் உறுதியாக இருக்குமே?

உறுதியாக இருக்கும், ஆனால் செய்ய வேண்டாம். எக்ஸல் கூட்டில் நீளமாக வெல்டிங் வைத்தால் சூட்டில் அது நெளியும், உள்ளே ஓடுகிற சாஃப்ட்டும் பேரிங்கும் பிறகு தேயும், சீலால் ஒயில் கசியும். இன்னொன்று, அடுத்த தடவை தகடு நெளிந்தால் எப்படிக் கழற்றுவீர்கள்? தகடு என்பது அடி வாங்கி நெளிவதற்காகவே இருக்கிறது, அதனால் கழற்றி அடித்து நிமிர்த்தித் திரும்பப் போட முடிய வேண்டும்.

மடிந்த பிராக்கெட்டைத் திருத்துவதற்காகச் சின்ன வெல்டிங் அவசியமானால், முதலில் ஷொக்கைக் கழற்றி எடுத்துத் தூரத்தில் வையுங்கள், பெட்டரி வயரைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கொடுங்கள். ஷொக்கின் உடம்பில் வெல்டிங் பொட்டு ஒன்று கூட வைக்கக் கூடாது. உள்ளே ஒயில், பலவற்றில் அமுக்கத்தில் அடைத்த நைட்ரஜன் கேஸ். இதில் பேச்சுக்கே இடமில்லை.

மோனோடியூப், ட்வின் டியூப் என்கிறார்கள், கார்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். ட்வின் டியூபில் குழாய்க்குள் குழாய் இருக்கிறது, பிஸ்டன் ஓடுவது உள்குழாயில். வெளிக்குழாயில் கல் பட்டுச் சின்னதாக ஒடுங்கினாலும் பல நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். மோனோடியூபில் ஒரே குழாய்தான், பிஸ்டன் அந்த வெளிச் சுவரிலேயே உரசி ஓடுகிறது. அதில் ஒரு ஒடுக்கு விழுந்தால் பிஸ்டன் அந்த இடத்தில் சிக்கும், ஷொக் அன்றோடு முடிந்தது. கேவைபி (KYB) கம்பனியின் ஷொக்குகளில் எக்செல்-ஜி (Excel-G) வரிசை ட்வின் டியூப், கேஸ்-ஏ-ஜஸ்ட் வரிசை மோனோடியூப், பெட்டியில் பார்த்தாலே தெரியும். மோனோடியூப் போட்டவர்கள் உடம்பின் முன்பக்கத்துக்குத் தட்டி போட யோசிக்கவே வேண்டாம், போடுங்கள்.

சில மோனோடியூப்களைத் தலைகீழாக, தண்டு கீழே வரும்படி மாட்டுகிறார்கள். அப்படியென்றால் மென்மையான பகுதி கல்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம், தட்டியைக் கீழ்ப்பாதியில் போட வேண்டும்.

பிக்கப், பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு?

பல பிக்கப்புகளில் ஒரு ஷொக் எக்ஸலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் இருக்கும். எக்ஸல் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். முன்னால் இருப்பதுதான் கல்லெறி முழுவதையும் வாங்குகிறது. இரண்டு பக்கத்துக்கும் ஒரே அச்சில் தகடு வெட்டிவிட்டுப் பிறகு தலையில் கை வைக்காதீர்கள், பக்கத்துக்குப் பக்கம் தனியாக அளந்து வெட்டுங்கள். மரக்கறி மூட்டையோ உரமோ ஏற்றுகிற வண்டி என்றால் பாரத்தோடு நிறுத்தித்தான் இடைவெளி பார்க்க வேண்டும், வெறும் வண்டியில் பார்த்த அளவு பொய்.

கார்ட் போட்டால் வண்டியின் உயரம் குறையாதா?

தகட்டின் தடிப்பு அளவுக்குக் குறையும், 4 மில்லிமீட்டர். கல்லில் கொக்கியாக மாட்டுகிற பிராக்கெட்டை விட, 4 மில்லிமீட்டர் கீழே இருந்து வழுக்குகிற தகடு மேல்.

செலவு குறைந்த வழி ஏதாவது?

முன் சில்லுகளுக்குப் பின்னால் நல்ல மட் ஃபிளாப். கல்லெறி மட்டும் பிரச்சினை என்றால் பாதி அங்கேயே தீரும். ரொம்பக் கீழே தொங்கவிட வேண்டாம், ரிவர்ஸில் டயருக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கிப் பிய்த்துக்கொண்டு போகும்.

ஏற்கெனவே ஒயில் கசிகிறது. கார்ட் போட்டால் நிற்குமா?

நிற்காது. உடம்பின் மேல்பகுதியில் இலேசாக ஈரம் படிந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கீழ்க்கண் வரைக்கும் வழிந்திருந்தால் அது போய்விட்டது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், அதற்குப் பிறகு கார்ட்.

மழைக்காலத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

சேற்றில் ஓடிய அன்றே தண்ணீர் அடித்துவிடுங்கள், காய்ந்தால் செம்மண் சிமெந்து மாதிரி. தகட்டின் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், சின்னக் கல் ஒன்று பிராக்கெட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கடகட என்று சத்தம் போடுவது வழக்கம், நிறையப் பேர் அதைக் கேட்டுப் புஷ் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றித் துருவைச் சுரண்டி சிங்க் பிரைமர் அடியுங்கள். அட்டை கடிக்கும், காலில் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டு படுங்கள்.

நடுவழியில் தகடு நெளிந்து டயரில் உரசினால், அல்லது பிராக்கெட்டே பிய்ந்தால்?

நெளிந்த தகட்டை அங்கேயே அடித்து நிமிர்த்தப் பார்க்க வேண்டாம், சுத்தியல் தவறி பிரேக் குழாயில் விழும். யூ போல்ட்டைக் கழற்றி, ஷொக் போல்ட்டை எடுத்து, தகட்டை வண்டிக்குள் எறிந்துவிட்டு, அதே போல்ட்டைத் திரும்பப் போடுங்கள். போல்ட் இப்போது நீளம் கூட என்பதால் நட் இறுகாது, அதற்காகத்தான் நான்கைந்து தடித்த வொஷரை எப்போதும் டேஷ்போர்டில் வைத்திருக்கச் சொல்கிறேன். இரண்டு ஸ்பானர், ஒரு துண்டு கம்பி, அந்த வொஷர்கள், போதும்.

பிராக்கெட்டே பிய்ந்துவிட்டால் ஷொக்கை முழுக்கக் கழற்றி எடுங்கள், அல்லது கீழ்ப்பக்கம் ஆடாதபடி கம்பியால் மேலே இழுத்து சாஸியில் கட்டுங்கள். ஆனால் ஒன்று, கொயில் ஸ்பிரிங் வண்டிகள் பலவற்றில் எக்ஸல் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தடுப்பதும் அந்த ஷொக்தான். அது இல்லாமல் அந்தச் சில்லு பெரிய பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் தன் இருப்பிடத்திலிருந்து கழன்று விழலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். ஆட்களை இறக்கி நடக்கச் சொல்லுங்கள், லோ கியரில், அந்தப் பக்கத்துச் சில்லை எப்போதும் மேட்டில் வைத்து, ஒருவர் முன்னால் நடந்து கல்லைக் காட்ட, தார் ரோட்டைத் தொடும் வரைக்கும் அப்படியே இறங்குங்கள்.